ஒரே பிளேட்டில் 85, 62, 11: பிளாஸ்டிங் புரொஃபைலில் எந்த எண்ணை நம்புவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒரு டேங்க் வேலை. இரும்புப் பிளேட்டுகளை கார்னெட் (மணல் மாதிரியான கடினத் துணுக்கு) போட்டு பிளாஸ்ட் செய்திருக்கிறீர்கள், அதாவது அழுத்தக் காற்றால் வீசி அடித்திருக்கிறீர்கள்; எஸ்ஏ 2½ என்ற சுத்தத் தரம் வந்துவிட்டது. பிரைமரின் (முதல் பூச்சின்) டேட்டா ஷீட் 50 முதல் 75 மைக்ரான் வரை புரொஃபைல், அதாவது அடித்த பரப்பின் சொரசொரப்பு உயரம், கேட்கிறது. உங்கள் டெப்த் கேஜ் ஓரிடத்தில் 85 காட்டியிருக்கிறது. வாடிக்கையாளர் தரப்பு இன்ஸ்பெக்டர் அதே பிளேட்டில் டேப் ஒட்டித் தேய்த்து 62 என்கிறார். ரஃப்னெஸ் டெஸ்டர் கொண்டுவந்தவரோ ஓட்டிப் பார்த்துவிட்டு "11 தான் இருக்கிறது" என்கிறார். எது சரி, பெயிண்ட் அடிக்கலாமா, திரும்ப பிளாஸ்ட் செய்ய வேண்டுமா?

மூன்றுமே சரியாக இருக்கலாம். உங்கள் பிளேட்டும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மூன்று பேரும் மூன்று வேறு விஷயங்களை அளந்துவிட்டு, மூன்றுக்கும் "புரொஃபைல்" என்று ஒரே பெயர் வைத்ததுதான் குழப்பம். பிளாஸ்ட் செய்த பரப்புக்கு நீளம், அகலம் மாதிரி உண்மையான ஒரே எண் கிடையாது. எந்த முறையில் அளந்தோம் என்பதும் அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டே வரும். அதைச் சொல்லாமல் "62 மைக்ரான்" என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதினால் அது பாதி ரிப்போர்ட்.

அளப்பதற்கு முன் ஒரு சின்ன விஷயத்தைப் பிரித்து வைத்துவிடலாம். எஸ்ஏ 2½ என்பது சுத்தத்தைப் பற்றியது. ஐஎஸ்ஓ 8501-1 ஸ்டாண்டர்டின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, மில் ஸ்கேல் (ஆலையில் தகடு உருட்டும்போது படியும் ஆக்சைடு தோல்), துரு, பழைய பெயிண்ட் எந்த அளவு போயிருக்கிறது என்று சொல்வது. சொரசொரப்பைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. வெள்ளை வெளேரென்று பளபளக்கும் எஸ்ஏ 3 பிளேட்டில் புரொஃபைல் 30 மைக்ரான்கூட இல்லாமல் இருக்கலாம். ஷாட் எனும் உருண்டை இரும்புக் குண்டுகளில் பொடி அளவைப் போட்டு அடித்தால் அப்படித்தான் வரும். "எஸ்ஏ 2½ வந்துடுச்சு, அப்புறம் என்ன?" என்று கேட்கும் சூப்பர்வைசர்களை இன்னமும் பார்க்கிறேன். இரண்டுக்கும் தனித்தனியாக டிக் போட வேண்டும்.

சொரசொரப்பு எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயிண்ட் இரும்பைப் பிடிக்கும் பரப்பு கூடுகிறது, பள்ளங்களுக்குள் இறங்கி அது கொக்கி போட்டுக்கொள்கிறது. குறைந்தால் பற்று குறையும். கனமான பூச்சானால் பட்டை பட்டையாக உரியும். கூடினாலும் வம்புதான். முகடுகள் பிரைமருக்கு மேலே தலை நீட்டும். அவற்றின் நுனியில் பெயிண்ட் மெலிதாக இருக்கும், சில வாரங்களில் ஊசிமுனை அளவில் துருப் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். டேட்டா ஷீட்டில் கீழ் எல்லையோடு மேல் எல்லையும் கொடுப்பது இதனால்தான்.

சரி, அளக்கும் முறைகளுக்கு வருவோம். மிகப் பழையது, எளியது கம்பாரேட்டர். உள்ளங்கை அளவு உலோகத் தகடு, அதில் நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு சொரசொரப்பு. ஐஎஸ்ஓ 8503 இரண்டு தகடுகளைச் சொல்கிறது: கூரான கிரிட் அடித்த பரப்புக்கு ஜி, உருண்டை ஷாட் அடித்ததற்கு எஸ். ஜி தகட்டின் கட்டங்கள் 25, 60, 100, 150 மைக்ரான். எஸ் தகட்டில் 25, 40, 70, 100. தகட்டைப் பிளேட் மீது வைத்து, வேண்டுமானால் 7 மடங்குக்கு மிகாத லென்ஸால் பார்த்து, எந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் வருகிறது என்று முடிவு செய்வார்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் என்றால் ஃபைன், அடுத்தது மீடியம், அதற்கடுத்தது கோர்ஸ். கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் நகத்தின் பின்புறத்தையோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்த சிறு மரக்குச்சியையோ பிளேட்டிலும் தகட்டிலும் மாறி மாறி இழுத்துப் பார்க்கலாம். இது கைவைத்தியம் இல்லை, ஸ்டாண்டர்டிலேயே எழுதியிருக்கும் முறை. பழகிய கை வியக்கும்படி சரியாகச் சொல்லும்.

ஆனால் உங்கள் வேலைக்கு இது உதவாது, காரணம் எளிது. நீங்கள் கேட்பது 50–75. ஜி தகட்டில் 60க்குக் கீழே எல்லாம் ஃபைன், 60 முதல் 100 வரை மீடியம். உங்கள் எல்லை இரண்டு பிரிவுகளிலும் கால் வைத்து நிற்கிறது. "மீடியம்" என்று ரிப்போர்ட் வந்தால் அது 65 ஆகவும் இருக்கலாம், 95 ஆகவும் இருக்கலாம். ஸ்பெசிஃபிகேஷனில் மைக்ரானில் எல்லை கொடுத்துவிட்டு கம்பாரேட்டரால் பாஸ் போடுவது, தராசு இருக்கும்போது கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்வது மாதிரி. "மீடியம் (ஜி)" என்றே ஸ்பெசிஃபிகேஷன் கேட்டால் மட்டும் கம்பாரேட்டர்தான் சரியான கருவி.

அடுத்தது நீங்கள் வைத்திருக்கும் டெப்த் கேஜ். தட்டையான அடிப்பாகம், அதன் நடுவில் ஸ்பிரிங் வைத்த கூம்பு ஊசி, பெரும்பாலும் 60 டிகிரி. பிளேட்டில் வைத்தால் அடிப்பாகம் உயரமான முகடுகள் மேல் உட்காரும், ஊசி நடுவில் எதிர்ப்படும் இடத்தில் இறங்கும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் டயலில் வருவது. அந்த "எதிர்ப்படும் இடத்தில்" என்பதைக் கவனியுங்கள். ஊசி பள்ளத்தின் அடியில்தான் போய் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பெரும்பாலும் ஏதாவது ஒரு சரிவில் போய் உட்காரும். சில சமயம் ஒரு முகட்டின் மேலேயே நின்றுவிடும். ஆகவே தனி ரீடிங்குகளில் அநேகம் உண்மை ஆழத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரே ஒரு ரீடிங்குக்கு எந்த மதிப்பும் இல்லை.

நீங்கள் அனுப்பிய பத்து ரீடிங்குகளைப் பாருங்கள்: 52, 61, 58, 70, 66, 49, 73, 64, 85, 62. கூட்டினால் 640, சராசரி 64. ஏஎஸ்டிஎம் டி4417 ஸ்டாண்டர்டின் பி முறை இது. பழைய பதிப்புகளில் ஓரிடத்துக்குப் பத்து ரீடிங் எடுத்து சராசரி போடச் சொன்னார்கள். அப்புறம் மாற்றினார்கள்: பத்தில் அதிகபட்சத்தை எடுத்துக்கொள், ஆனால் திரும்ப வைத்தால் வராத அசாதாரண ரீடிங்கைத் தள்ளிவிடு, பல இடங்களின் அதிகபட்சங்களைச் சராசரி செய். மாற்றத்துக்குக் காரணம் மேலே சொன்னதுதான். சரிவில் நின்ற ஊசியின் ரீடிங்குகள் சராசரியைக் கீழே இழுத்துவிடுகின்றன. உங்கள் 85ஐ அதே இடத்தில் மறுபடி வைத்துப் பார்த்தீர்களா? அது பழைய துருக்குழியாக இருக்கலாம், கேஜ் சற்றுச் சாய்ந்திருக்கலாம், அடிப்பாகத்தின் கீழ் ஒரு கார்னெட் துணுக்கு மாட்டியிருக்கலாம். திரும்ப வரவில்லை என்றால் தள்ளிவிடுங்கள், அடுத்தது 73. ஆக அதே பத்து ரீடிங்கில் பழைய கணக்குப்படி 64, புதிய கணக்குப்படி 73. கருவி ஒன்று, ஆள் ஒருவர், பிளேட் ஒன்று. இருந்தும் பதிப்பு மாறினால் எண் ஒன்பது மைக்ரான் மாறுகிறது.

கேஜைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஜீரோ செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நடுவிலும் ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரு ரீடிங்கிலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும்போது தூக்கி வைக்க வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் ஊசிமுனை மழுங்கும்; மழுங்கிய முனை குறுகிய பள்ளங்களுக்குள் இறங்காது, ரீடிங் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கண்ணாடியில் ஜீரோ சரியாகக் காட்டும் என்பதுதான் இதில் ஏமாற்று. தெரிந்த தடிமன் உள்ள ஷிம் என்ற மெல்லிய தகட்டையும் வைத்துச் சரிபார்க்கலாம், ஆனால் முனையின் மழுக்கத்தை ஷிம்மும் காட்டிக்கொடுக்காது. சந்தேகம் வந்தால் புது முனையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. அப்புறம், தட்டையான அடிப்பாகம் கொண்ட கேஜைக் குழாயின் வளைவில் வைத்து அளப்பவர்கள் இருக்கிறார்கள். வளைவுக்கென்று தனி அடிப்பாகம் உண்டு, அது இல்லையென்றால் அங்கே டேப்தான்.

டேப் எனக்குப் பிடித்த முறை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு சின்னக் காகித ஸ்டிக்கர், நடுவில் ஜன்னல், அதில் வெள்ளையாக ஒரு ஃபிலிம். ஃபிலிமின் அடிப்பக்கத்தில் நசுங்கக்கூடிய மிக மெல்லிய நுரை; அதைத் தாங்கி நிற்பது நசுங்காத பாலியெஸ்டர் தாள், 2 மில், அதாவது கிட்டத்தட்ட 50 மைக்ரான். பிளேட்டில் ஒட்டி, உருண்டை முனை கொண்ட பிளாஸ்டிக் குச்சியால் ஜன்னலின் மேல் வட்டமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். முகடுகள் நுரையைக் குத்தி நசுக்கிக்கொண்டு தாள் வரைக்கும் போய்விடும். பள்ளங்களில் நுரை அப்படியே நிற்கும். பிளேட்டின் தலைகீழ் அச்சு ஒன்று நுரையில் விழுந்துவிடும். தேய்க்கத் தேய்க்க வெள்ளை ஜன்னல் சாம்பல் நிறமாகி, பொடிக் கூழாங்கல் பரப்பிய மாதிரி ஒரு தோற்றம் வரும். ஜன்னல் முழுக்க அந்தத் தோற்றம் ஒரே சீராக வந்தால்தான் தேய்த்தது போதும் என்று அர்த்தம். ஓரத்தில் வெள்ளைப் பிறை மாதிரி ஒரு துண்டு மிஞ்சினாலும் திரும்பத் தேய்க்க வேண்டும். அப்புறம் உரித்து, ஸ்பிரிங் வைத்த தடிமன் கேஜின் இரண்டு தட்டைப் பற்களுக்கு நடுவில் வைத்தால் மொத்தத் தடிமன் தெரியும். அதில் தாளின் 50 மைக்ரானைக் கழித்தால் புரொஃபைல்.

அந்தக் கழித்தலில் நடந்த கூத்து ஒன்று. நான் இருந்த ஒரு வேலையில் காலை ஷிஃப்டுக்குப் புதிதாக வந்த ஒருவர் டேப் எடுத்து 112, 109, 115 என்று எழுதி வைத்துவிட்டார். கார்னெட் தப்பு, அளவு பெரிது என்று சத்தம். ஒரு லாரி கார்னெட்டைத் திருப்பி அனுப்பும் வரைக்கும் பேச்சு போய்விட்டது. மாலையில் கேஜை எடுத்துப் பார்த்தால், பற்கள் மூடிய நிலையில் ஜீரோ காட்டுகிறது. முதல் ஆள் எப்போதும் மைனஸ் 50இல் வைத்துத்தான் அளப்பார், அதனால் கழிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. புதியவர் ஒழுங்காக ஜீரோ செய்துவிட்டு, கழிக்க மறந்துவிட்டார். 62, 59, 65. அன்று பகல் முழுக்க யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. உங்கள் இன்ஸ்பெக்டரிடம் கேஜை எங்கே வைத்துத் தொடங்கினார் என்று கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், அனுபவம் உள்ளவராக இருந்தால் சிரிப்பார்.

டேப்பில் தரங்களும் உண்டு. கோர்ஸ் என்பது 20 முதல் 64 மைக்ரான் வரை, எக்ஸ்-கோர்ஸ் 38 முதல் 115 வரை. இரண்டும் 38–64 இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பது தற்செயல் இல்லை. ஒவ்வொரு டேப்பும் அதனதன் எல்லையின் ஓரத்துக்கு வரவர நேர்கோட்டிலிருந்து விலகும். ஆகவே இந்த நடுப்பகுதியில் புரொஃபைல் வந்தால் இரண்டு தரத்திலும் ஒவ்வொன்று எடுத்து, இரண்டும் 38–64க்குள் இருந்தால் சராசரி போடுவது வழக்கம். உங்கள் 62 இந்த இடத்தில்தான் விழுகிறது. அவர் கோர்ஸ் டேப் மட்டும் வைத்து 62 எடுத்திருந்தால் அது அந்த டேப்பின் உச்சந்தலை. உண்மையில் 70 இருந்தாலும் கோர்ஸ் டேப்பால் அதைச் சொல்ல முடியாது. எக்ஸ்-கோர்ஸில் என்ன வந்தது என்று கேளுங்கள். அதில் 64க்கு மேல் காட்டினால் எக்ஸ்-கோர்ஸ் ரீடிங்கையே எடுத்துக்கொள்ள வேண்டும். 50–75 கேட்கும் வேலையில் கோர்ஸ் டேப்பை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவது அரைகுறைத் தயாரிப்பு.

டேப்பின் இன்னொரு நல்ல குணம், அளந்த பிறகும் அது கையில் இருக்கிறது. ரிப்போர்ட்டிலேயே ஒட்டி வைக்கலாம், ஆறு மாதம் கழித்து யாராவது சண்டைக்கு வந்தால் எடுத்துக் காட்டலாம். டயலில் ஓடிப்போன எண்ணை யாருக்கும் காட்ட முடியாது. குறை என்னவென்றால் தூசு. ஊதித் துடைக்காத பிளேட்டில் ஒட்டினால் நுரையில் பொடி ஏறிக்கொண்டு தடிமனைக் கூட்டிவிடும். உரித்த டேப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இடத்தை நன்றாக பிரஷ் செய்து வேறொன்று எடுங்கள். பக்கத்திலேயே எடுங்கள், அதே இடத்தில் வேண்டாம். முதல் டேப்பின் பசை மிச்சம் அங்கே இருக்கலாம். அந்தப் பசையை பெயிண்டுக்கு முன்பு துடைப்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது எண், 11. இங்கேதான் பெரிய பள்ளம், நிறையப் பேர் விழும் பள்ளம். ரஃப்னெஸ் டெஸ்டர் ஒரு நுண்ணிய ஊசியைப் பரப்பில் இழுத்துச் சென்று மேடு பள்ளத்தைக் கோடாக வரைகிறது. அந்தக் கோட்டிலிருந்து பல எண்களைக் கணக்கிடலாம். ஆர்ஏ என்பது நடுக்கோட்டிலிருந்து மேடும் பள்ளமும் சராசரியாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது. ஆர்இசட் என்பது கோட்டை ஐந்து துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் உச்சி முதல் அடி வரை அளந்து, ஐந்தையும் சராசரி செய்வது. ஆர்டி என்பது முழுக் கோட்டிலும் மிக உயர்ந்த முகட்டுக்கும் மிக ஆழமான பள்ளத்துக்கும் உள்ள தூரம். மெஷின் ஷாப்பில் வேலை செய்தவர்கள் எல்லாவற்றையும் ஆர்ஏவிலேயே பேசுவார்கள், டெஸ்டரும் இயல்பாக ஆர்ஏவைத்தான் திரையில் காட்டும். டேட்டா ஷீட் சொல்லும் 50–75 உச்சி முதல் அடி வரையிலான உயரம். பிளாஸ்ட் செய்த பரப்பில் ஆர்இசட் என்பது ஆர்ஏவைப் போலத் தோராயமாக ஐந்து ஆறு மடங்கு வரும். உங்கள் ஆர்ஏ 11க்கு ஆர்இசட் 55–65 பக்கம் இருக்கும். அதாவது அவரும் இன்ஸ்பெக்டரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். பட்டனைத் தட்டி ஆர்இசட் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள், மடங்குக் கணக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அதோடு கட்-ஆஃப், அதாவது அந்த ஐந்து துண்டில் ஒன்றின் நீளம், என்ன வைத்திருந்தார் என்றும் கேளுங்கள். கையடக்க டெஸ்டர்கள் பலவற்றில் 0.8 மில்லிமீட்டர் வழக்கமாகக் கிடக்கும்; கடைந்த, அரைத்த பரப்புகளுக்கு அது சரி. பிளாஸ்ட் செய்த பரப்புக்கு 2.5 மில்லிமீட்டர் வேண்டும், ஐந்து துண்டுக்கு 12.5 மில்லிமீட்டர் நீளம் ஓட வேண்டும். ஏஎஸ்டிஎம் டி7127 இந்த முறைக்கான ஸ்டாண்டர்ட். ஓரிடத்தில் ஐந்து கோடு ஓட்டிச் சராசரி எடுக்கச் சொல்கிறது. 0.8இல் ஓட்டினால் அகலமான மேடு பள்ளங்கள் வடிகட்டப்பட்டு எண் குறைந்துவிடும்.

இந்தக் கருவியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மற்ற இரண்டாலும் முடியாத ஒன்றை இது செய்கிறது: ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை முகடுகள் என்று எண்ணிச் சொல்லும். உயரம் 60 மைக்ரானே இருந்தாலும், பெரிய கிரிட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்த பரப்பும், சிறிய கிரிட்டால் நெருக்கமாக அடித்த பரப்பும் ஒன்றல்ல. நெருக்கமானதில் பெயிண்டுக்குப் பிடிமானம் அதிகம். என்றாலும் நெருக்கம் அளவு மீறினால், கெட்டியான பெயிண்டால் குறுகிய பள்ளங்களின் அடிவரை நனைக்க முடியாமல் போகலாம். ஸ்பெசிஃபிகேஷன்கள் இன்னும் உயரத்தைத்தான் கேட்கின்றன, எண்ணிக்கையை அபூர்வமாகவே கேட்கின்றன. என் கணிப்பில் அது ஒரு குறை.

ஆக உங்கள் பிளேட்டுக்கு என் பதில்: 85 திரும்ப வராவிட்டால் அந்த இடம் பாஸ். எழுதும்போது "டி4417 பி முறை, 10 ரீடிங், அதிகபட்சம் 73, தள்ளியது 85, காரணம் இது" என்று முழுசாக எழுதுங்கள். 85 திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. அப்போது அந்த இடம் எல்லைக்கு வெளியே, பக்கத்து இடங்களில் எடுத்துப் பார்த்துத்தான் பரவலா தனித்தா என்று தெரியும். இன்ஸ்பெக்டரோடு உட்கார்ந்து எந்த முறை கடைசி வார்த்தை என்று இப்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் செய்திருக்க வேண்டியது, பரவாயில்லை. நானாக இருந்தால் டேப்பைத் தேர்ந்தெடுப்பேன், கேஜை நாள் முழுக்க வேகமாகச் சோதித்துக்கொள்ள வைத்துக்கொள்வேன். இரண்டு எண்ணையும் கலந்து ஒரு சராசரி போடும் யோசனையை யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே, எத்தனை இடம் என்றும் கேட்டிருந்தீர்கள். எஸ்எஸ்பிசி பிஏ 17 என்ற ஸ்டாண்டர்ட் ஒவ்வொரு பிளாஸ்டிங் கருவிக்கும், ஒரு ஷிஃப்ட் அல்லது 12 மணி நேரம், எது குறைவோ அதற்கு, குறைந்தது மூன்று இடங்களைக் கேட்கிறது. ஓர் இடம் என்றால் 150 மில்லிமீட்டர் சதுரம். "ஒவ்வொரு கருவிக்கும்" என்பதுதான் இதில் விஷயம். இரண்டு பேர் இரண்டு ஹோஸில் அடித்தால் இரண்டு கணக்கு. ஒருவரின் நாசில் தேய்ந்து வாய் பெரிதாகியிருக்கும், அழுத்தம் விழுந்திருக்கும், அவர் அடித்த பக்கம் மட்டும் புரொஃபைல் இறங்கிக்கிடக்கும். கம்ப்ரஸரின் மீட்டர் 7 பார் காட்டுவதை நம்ப வேண்டாம். ஊசி வைத்த சின்ன பிரஷர் கேஜ் ஒன்று உண்டு. நாசிலுக்குச் சற்றுப் பின்னால் ஹோஸின் ரப்பரில், காற்று போகும் திசையைப் பார்த்துச் சாய்வாக, டாக்டர் ஊசி போடுவதுபோலக் குத்திப் பார்ப்பார்கள். கார்னெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே குத்த வேண்டும். நீளமான ஹோஸில், கம்ப்ரஸரில் 7 பார் இருக்கையில் அங்கே 5 பார் மட்டுமே வந்து சேர்வதைப் பார்த்த பிறகு நான் கம்ப்ரஸர் மீட்டரைப் பார்ப்பதே இல்லை.

ஸ்டீல் கிரிட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் மெஷினில் வேறு மாதிரி. சுற்றச் சுற்றத் துணுக்குகள் உடைந்து சிறுக்கும், கடினம் குறைந்த ரகமானால் கூர் மழுங்கி உருண்டையாகும். புரொஃபைல் நாளுக்கு நாள் தாழும். தாழ்ந்ததைப் பார்த்துவிட்டு ஒரேயடியாக ஐந்தாறு மூட்டை புது கிரிட்டைக் கொட்டுவார்கள், மறுநாள் 100 மைக்ரான் வந்து நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சேர்த்து, பழையதும் புதியதும் கலந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும்.

புரொஃபைல் குறைந்தால் பெரிய சைஸ் அப்ரேசிவ் (வீசி அடிக்கும் துணுக்கு) போட்டுத் திரும்ப அடிக்கலாம். அதே அப்ரேசிவ்வை அதே இடத்தில் இன்னும் பத்து நிமிடம் அடித்து ஆழமாக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆழத்தைப் பெரும்பாலும் துணுக்கின் அளவும் வேகமும் கடினமும்தான் தீர்மானிக்கின்றன, நேரம் இல்லை. கூடிப்போனால் நிலைமை மோசம். சின்ன சைஸைப் போட்டுத் திரும்ப அடித்தாலும் பழைய ஆழமான பள்ளங்கள் அடியில் அப்படியே இருக்கும். கிரைண்டர் போட்டால் புரொஃபைலே போய்விடும். கடைசியில் பெயிண்ட் கம்பெனியிடம் கேட்டு, பிரைமர் தடிமனைக் கூட்டிச் சமாளிக்க முடியுமா என்று எழுத்தில் வாங்க வேண்டியிருக்கும். இதனால்தான் முழு டேங்க்கிலும் இறங்கும் முன் ஒரு சதுர மீட்டர் அடித்து, அளந்து, கையெழுத்து வாங்கிவிட்டுப் போகச் சொல்வது.

கூடினால் செலவும் கூடும், அதை எளிதாகக் கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மைக்ரான் தடிமன் என்பது ஒரு மில்லிலிட்டர். 65 மைக்ரான் புரொஃபைலில் பாதி இடம் காலியான பள்ளம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், காய்ந்த பெயிண்டில் சதுர மீட்டருக்குச் சுமார் 32 மில்லிலிட்டர் பள்ளத்தை நிரப்பவே போகும். திடப்பொருள் 60 சதவீதம் உள்ள பெயிண்டானால் டப்பாவிலிருந்து 54 மில்லிலிட்டர். ஆயிரம் சதுர மீட்டர் டேங்க்குக்கு 54 லிட்டர். அதே புரொஃபைல் 100 ஆனால் 83 லிட்டர். முகட்டுக்கு மேல் ஒரு மைக்ரானும் சேர்க்காமல் பள்ளத்தில் முழுகும் பெயிண்ட் இது. ஸ்டோரில் "பெயிண்ட் எங்கே போச்சு" என்று விசாரணை நடக்கும்போது யாருக்கும் இது நினைவுக்கு வராது.

அப்படியே பெயிண்ட் தடிமனை அளக்கும் கேஜுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் அடுத்த சண்டை அங்கேதான் வரும். வழவழப்பான ஸ்டீல் தகட்டில் ஜீரோ செய்த கேஜ், சொரசொரப்பான பரப்பில் முகடுகளின் உச்சியிலிருந்து அளக்காது. உச்சிக்கும் அடிக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்திலிருந்து அளக்கும். ஐஎஸ்ஓ 19840 இதற்குக் கழிக்க வேண்டிய எண்ணைக் கொடுத்திருக்கிறது: ஃபைனுக்கு 10, மீடியத்துக்கு 25, கோர்ஸுக்கு 40 மைக்ரான், புரொஃபைல் என்னவென்றே தெரியாவிட்டால் 25. உங்கள் பிரைமர் 75 கேட்கிறது, கேஜ் 80 காட்டுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். புரொஃபைல் மீடியத்தில் விழுந்து 25ஐக் கழித்தால் முகட்டின் மேல் 55தான் நிற்கிறது. இந்தக் கழித்தல் பொருந்துமா என்பதை ஸ்பெசிஃபிகேஷனில் தேடிப் பாருங்கள். அது ஐஎஸ்ஓவை விட்டுவிட்டு எஸ்எஸ்பிசி பிஏ 2ஐச் சொன்னால், பிளாஸ்ட் செய்த வெறும் பிளேட்டிலேயே தடிமன் கேஜை வைத்து ரீடிங் எடுத்துப் பின்னால் அதைக் கழிப்பார்கள். அந்த ரீடிங்கை பெயிண்ட் அடித்த பிறகு எடுக்க முடியாது. எனவே நாளை காலை டேப் எடுக்கும்போதே தடிமன் கேஜையும் கொண்டுபோய், வெறும் பிளேட்டில் பத்து இடத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், வியர்வைக் கை பட்ட இடம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

பிளேட் வெறுமையாக இரண்டு நாளாக நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்பு அதன் நிறத்தைப் பாருங்கள். லேசாகப் பழுப்பேறியிருந்தால் எஸ்ஏ 2½ போய்விட்டது. எப்படியும் ஒரு சுற்று பிளாஸ்ட் செய்தாக வேண்டும், அளவையும் அதற்குப் பிறகு புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.